வானிலிருந்து ஈப்போ: கூரைகளின் கணக்கு

கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, துணைக்கோள் படமாக மாற்றி, கிந்தா பள்ளத்தாக்கின் மேல் நிறுத்துங்கள். முதலில் கண்ணில் படுவது தண்ணீர்தான். பத்து காஜா, தஞ்சோங் துவாலாங், கம்பார் பக்கமெல்லாம் நூற்றுக்கணக்கான குட்டைகள். சில பச்சை, சில பால் கலந்த நீலம். எல்லாம் ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பள்ளங்கள். அடுத்துத் தெரிவது சுண்ணாம்புக்கல் குன்றுகள். பக்கமெல்லாம் வெள்ளையாக, தலையில் மட்டும் காடு முளைத்து, ஊருக்கு நடுவிலேயே திடீரென்று எழுந்து நிற்கும். கல்லுமலை முருகன் கோயில் இருக்கும் குனோங் செரோவும் அவற்றில் ஒன்று. 2018இல் கிந்தா பள்ளத்தாக்கைத் தேசிய நிலவியல் பூங்காவாக அறிவித்ததில் இந்தக் குன்றுகளுக்குப் பெரிய பங்குண்டு.

கொஞ்சம் தள்ளிப் போனால் பச்சை. செம்பனை என்றால் மேலிருந்து பார்க்க நட்சத்திரம் நட்சத்திரமாக இருக்கும். ரப்பர் என்றால் கோடு கோடாக இருக்கும். இலை உதிரும் பிப்ரவரி, மார்ச் மாதப் படமாக இருந்தால் செம்பழுப்பாகத் தெரியும். அந்தப் பச்சைக்கு நடுவே சில இடங்களில் நான்கைந்து சிறு கோடுகள் பக்கம் பக்கமாகக் கிடக்கும். அவை லயங்கள். அருகில் ஒரு சிறு சதுரம் இருந்தால் அநேகமாக மாரியம்மன் கோயில். நீளமான கூரை இருந்தால் பள்ளிக்கூடம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தப் படத்தைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியில்தான் தாமான்கள். ஓட்டுச் சிவப்பு, தகர நீலம், சிமெண்டுச் சாம்பல் என்று சீப்பின் பல் போல வரிசை வரிசையாகக் கூரைகள். இவற்றில் பல, போன தலைமுறையில் ஈய நிலமாகவோ ரப்பர் காடாகவோ இருந்தவை. இந்தக் கூரைகளின் மேல் எவ்வளவு வெயில் விழுகிறது, அதிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்பதை இப்போது வானிலிருந்தே வீட்டுக்கு வீடு கணக்குப் போட முடிகிறது. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஈப்போ, பத்து காஜா, சுங்கை சிப்புட் என்று ஒரு வார இறுதியில் சுற்றினேன். திரையில் தெரிவது தரையில் எந்த அளவுக்குச் சரி, அந்த மின்சாரம் யார் வீட்டு விளக்கை எரிக்கும் என்று பார்ப்பதுதான் நோக்கம்.

வெயில், கூரை, நிழல்

ஒரு கூரையில் சோலார் தகடு போடலாமா என்று மேலிருந்து சொல்ல மூன்று விவரங்கள் வேண்டும். எவ்வளவு வெயில், எவ்வளவு கூரை, எவ்வளவு நிழல்.

வெயிலைச் சொல்பவை வானிலைத் துணைக்கோள்கள். ஜப்பானின் ஹிமாவாரி, பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை நம் பக்கத்துப் பூமியை முழுதாகப் படமெடுத்து அனுப்புகிறது. இத்தகைய படங்களைப் பல ஆண்டுகளுக்கு அடுக்கிப் பார்த்தால், எந்த ஊருக்கு மேல் எந்த நேரத்தில் மேகம் கட்டுகிறது, மிச்ச வெயில் எவ்வளவு தரைக்கு வந்து சேர்கிறது என்று தெரிந்துவிடும். உலக வங்கி 2017இல் தொடங்கிய குளோபல் சோலார் அட்லஸ் இத்தகைய கணக்கில் உருவானதுதான். யாரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். நம் நாட்டில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 முதல் 1,300 யூனிட் மின்சாரம் தரும் என்பது பொதுவான அளவு. மாதத்துக்கு 100 யூனிட் என்று கைக்கணக்காக வைத்துக்கொள்ளலாம்.

கூரையைப் பார்க்கக் கூர்மையான கண் வேண்டும். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் அவற்றில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் 20க்கு 70 அடி இணைவீட்டு மனை முழுவதையும் அதில் தேடினால் ஒன்றரைப் புள்ளிகூட வராது. கூரைச் சரிவையும் தண்ணீர்த் தொட்டியையும் பிரித்துப் பார்க்க 30 முதல் 50 சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியம் வேண்டும். கூகல் நிறுவனத்தின் ஓப்பன் பில்டிங்ஸ் திட்டம் 50 சென்டிமீட்டர் படங்களைக் கணினிக்குக் காட்டி, கட்டடத்தின் ஓரங்களை அதுவே வரையும்படி பழக்கியது. ஆப்பிரிக்காவில் தொடங்கி, தெற்காசியா, தென்கிழக்காசியா, லத்தீன் அமெரிக்கா என்று விரிந்து, 180 கோடிக் கட்டடங்களை அது அடையாளம் கண்டிருக்கிறது.

நம் வட்டாரத்தில் இதற்குப் பெரிய இடைஞ்சல் மேகம். துணைக்கோள் தலைக்கு மேல் வரும் நேரத்தில் வானம் மூடியிருந்தால் அன்றைய படம் வீண். 2009 ஜூலையில் மலேசியா ஏவிய ரசாக்சாட்டை, வழக்கமான துருவச் சுற்றுப் பாதையில் விடாமல் பூமத்திய ரேகையை ஒட்டிய பாதையில் விட்டதற்கு இதுவே காரணம். அடிக்கடி நம் மேல் பறந்தால் மேகம் விலகும் நேரம் ஒருநாள் வாய்க்கும் அல்லவா? அதன் ஆயுள் குறுகிப்போனாலும் யோசனை நம் வானத்துக்குப் பொருத்தமானது.

மூன்றாவது நிழல். அதற்கு உயரம் தெரிய வேண்டும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடார் கொண்டு உலகத்தின் மேடு பள்ளங்களை அளந்தது. மலைக்கு அது போதும், வீட்டுப் பக்கத்து மாமரத்துக்குப் போதாது. அதனால் வசதியுள்ள நகரங்கள் விமானத்திலிருந்து லேசர் கதிர் அடித்து அளக்கின்றன. நியூயார்க் 2011இல் அப்படியொரு சோலார் வரைபடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பெங்களூரில் சி-ஸ்டெப் என்ற ஆய்வு நிறுவனம் ஹெலிகாப்டரில் லேசர் கருவி பொருத்தி நகரத்தின் கூரைகளை அளந்து, வீட்டுக்காரர் தம் கூரையைத் தொட்டால் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்று சொல்லும் இணையக் கருவியைச் செய்தது. கூகலின் புரோஜெக்ட் சன்ரூஃப் 2015இல் அமெரிக்காவின் பாஸ்டன் முதலிய நகரங்களில் இதே வேலையைத் தொடங்கியது.

உலகக் கூரைகள் அனைத்தையும் கூட்டிப் பார்த்தவர்களும் உண்டு. 2021இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, உலகக் கூரைப் பரப்பு ஏறக்குறைய 2 லட்சம் சதுர கிலோமீட்டர் என்றும், எல்லாவற்றிலும் தகடு போட்டால் ஆண்டுக்கு 27,000 டெராவாட்-மணி மின்சாரம் கிடைக்கும் என்றும் கணித்தது. நம் நாட்டில், சீடா எனப்படும் நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையம் 2021 டிசம்பரில் வெளியிட்ட புதுப்பிக்கத்தக்க எரிசக்தி வரைவுத் திட்டம், கூரைகளின் மேல் மட்டும் 42 ஜிகாவாட் அளவுக்குத் தகடு போட இடமுண்டு என்கிறது. 2020இல் நம்மிடம் இருந்த புதுப்பிக்கத்தக்க மின்திறன் 8.45 ஜிகாவாட். அது மொத்தத் திறனில் 23 விழுக்காடு. அப்படியானால் நாட்டின் எல்லா மின்நிலையங்களும் சேர்ந்து 37 ஜிகாவாட் வாக்கில்தான். கூரைகளில் அதைவிட அதிக இடம் இருக்கிறது. இரவில் வெயில் இல்லை என்பது வேறு விஷயம்.

ஈப்போ தெருக்களில்

எண்களை விட்டுத் தெருவில் இறங்கினால், முதலில் நம் ஊர்ச் சூரியனைப் புரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பாவில் தெற்கு நோக்கிய கூரைக்குத்தான் மதிப்பு. ஈப்போ பூமத்திய ரேகைக்கு 4.6 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்து நிற்கும். கடிகாரத்தில் அப்போது பகல் ஒன்றேகால் மணி வாக்கில் இருக்கும். கம்பத்தின் நிழல் கம்பத்தின் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும். ஜூனில் சூரியன் உச்சியிலிருந்து 19 பாகை வடக்கே சாயும், டிசம்பரில் 28 பாகை தெற்கே சாயும். ஆகவே அதிகம் சாயாத நம் கூரைகளில் எந்தத் திசைச் சரிவும் பெரிய நஷ்டமில்லை. மத்தியானத்துக்குப் பிறகு மழை கட்டும் நாள்களை நினைத்தால் கிழக்குச் சரிவுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்புண்டு. "எங்கள் வீடு தெற்குப் பார்த்ததில்லையே" என்று தயங்குபவர்கள் அந்தத் தயக்கத்தை விட்டுவிடலாம்.

லஹாட் சாலை லிட்டில் இந்தியா பக்கம் பழைய கடைவீடுகள். மேலிருந்து பார்த்தால் நீளநீளமான ஓட்டுக் கூரைகள், நல்ல இடம் போலத் தோன்றும். கீழே நின்று பார்த்தால் ஓடுகள் வயதானவை, உத்தரம் மரத்தாலானது. தகட்டின் எடையையும் அதில் ஏறி வேலை செய்யும் ஆளின் எடையையும் அது தாங்குமா என்பதைத் துணைக்கோள் சொல்லாது. கட்டடம் தெரிந்தவர் ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

கச்சாங் பூத்தேவுக்குப் பேர்போன புந்தோங்கில் வேறு கதை. இங்கேயும் பக்கத்துத் தாமான்களிலும் வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்த ஒரு போர்ச், பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறை. வரைபடத்தில் எல்லாம் ஒரே கூரை. தரையில் பார்த்தால் முன்னால் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தகடு, பின்னால் இருப்பது இரும்புச் சட்டத்தின் மேல் சிங்க். சில பழைய வீடுகளில் அஸ்பெஸ்டாஸ் கூரை. அதைத் துளைத்தால் வரும் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்பதால் மாற்றாமல் தகடு போடக் கூடாது. கணினி வரைந்த கூரைப் பரப்பில் நடுவில் இருக்கும் அசல் வீட்டுக் கூரைதான் கணக்கில் சேரும். அதுவும் போதும். நான்கு கிலோவாட் தகடுகளுக்கு ஏறக்குறைய 20 சதுர மீட்டர் வேண்டும். ஓர் இணைவீட்டின் ஒரு பக்கச் சரிவிலேயே பெரும்பாலும் அது அடங்கிவிடும்.

குனோங் ராப்பாட் பக்கம் போனால் ஈப்போவுக்கே உரிய சந்தேகம் ஒன்று வரும். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் குன்று வெயிலை மறைத்துவிடாதா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 மீட்டர் உயரக் குன்று வீட்டுக்குக் கிழக்கே 200 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சூரியன் அதன் தலைக்கு மேல் வர 27 பாகை ஏற வேண்டும். நம் ஊரில் சூரியன் மணிக்கு 15 பாகை, கிட்டத்தட்ட நேராகவே ஏறும். ஆகவே விடிந்து ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அந்தக் கூரைக்கு வெயில் வரும். கேட்கப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. ஆனால் காலை வெயில் கூரையைச் சாய்வாகத்தான் தொடுகிறது. வடிவியல் கணக்குப்படி அந்த நேரத்து இழப்பு நாளின் மொத்த வெயிலில் 5 விழுக்காட்டுக்கு அருகில்தான்.

குன்றைவிடப் பெரிய எதிரி பக்கத்து வீட்டு மாமரம். நண்பகலில் ஒரு தகட்டின் மேல் மட்டும் விழும் நிழல், அதோடு சங்கிலியாகக் கோர்த்த மற்றத் தகடுகளின் மின்னோட்டத்தையும் இழுத்துவிடும். துணைக்கோள் படம் எடுத்த ஆண்டில் அந்த மரம் கன்றாக இருந்திருக்கலாம். அதனால் வரைபடத்தில் எதைப் பார்த்தாலும் அதன் ஓரத்தில் இருக்கும் படத் தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கெல்லி கோட்டைக்குப் பக்கத்தில்

கோப்பெங்கிலிருந்து பத்து காஜா போகும் வழியில் கெல்லி கோட்டை இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பர் தோட்டம் போட்ட வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தார், மாளிகை பாதியில் நின்றது. கட்டும் காலத்தில் வேலையாள்களிடையே விஷக்காய்ச்சல் பரவியபோது, அவர்கள் கேட்டுக்கொண்டபடி அருகில் மாரியம்மன் கோயில் எழுந்தது என்பார்கள். அந்தக் கோயிலின் கூரையில், தெய்வ உருவங்களுக்கு நடுவே, வெள்ளை உடையும் தொப்பியுமாக ஒரு துரையும் நிற்கிறார். கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் கோயிலுக்கும் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

துரைக்குக் கூரை மேல் இடம் கொடுத்தவர்கள் இருந்தது எந்தக் கூரைக்குக் கீழே? பழைய லயங்கள் அத்தாப்பு வேய்ந்தவை. பிறகு தகரம் வந்தது. வெளிச்சம் மண்ணெண்ணெய் விளக்கு. இதே கிந்தாவில் மின்சாரம் இல்லாமல் இல்லை. பேராக் ஆற்றில் செண்டரோ நீர்மின் நிலையம் 1930இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. அந்த மின்சாரத்தின் பெரிய வாடிக்கையாளர் ஈயச் சுரங்கங்கள். தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் நிறுத்தி வைத்திருக்கும் டிடி5 ஈயக் கப்பல் 1938இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த இயந்திரம். அதன் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு கட்டடத்தைப் பார்ப்பது போலிருக்கும்.

தோட்டங்களில் மின்சாரம் பல இடங்களில் ஜெனரேட்டர் வழியாகத்தான் வந்தது. சாயங்காலம் சில மணி நேரம், பிறகு இருட்டு. அந்த நேரத்துக்குள் பிள்ளைகள் பாடம் படித்தாக வேண்டும், வானொலியும் கேட்டாக வேண்டும். முதலாளி கொடுக்கும் வீட்டில் குழாய்த் தண்ணீரும் போதுமான மின்சாரமும் இருக்க வேண்டும் என்று சொல்லும் 446ஆம் சட்டம் வந்த ஆண்டு 1990. செண்டரோவுக்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையே 60 ஆண்டுகள். கம்பி எந்த வழியாகப் போகும் என்பதைக் காசு முடிவு செய்தது, லயம் வழியில் இருந்தும் வழியில் இல்லை.

சுங்கை சிப்புட் சாலையில்

ஈப்போவிலிருந்து வடக்கே செம்மோர் வழியாக 30 கிலோமீட்டர் வாக்கில் சுங்கை சிப்புட். துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர். அவர் முயற்சியில் 1954இல் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலை இன்றும் ஊரின் பெருமை. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் போய்விடும் நிலை வந்தது. அந்தத் துண்டாடலுக்குப் பதிலாக 1960இல் அவர் தொடங்கியதுதான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். பால்வெட்டுத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் கைக்கு வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒரு மரம் வாங்கப் போதாத காசு, சேர்ந்தபோது ஒரு தோட்டமே வாங்கியது.

இந்தச் சாலையின் இருபுறமும் துணைக்கோள் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் இன்னும் சில லயங்கள் தென்படும். தகரக் கூரை, நல்ல வெயில், மரம் வெட்டிய முற்றம். கணினியைக் கேட்டால் "போடலாம்" என்றே சொல்லும். ஆனால் அந்த வீடு குடியிருப்பவருடையது இல்லை. நிலமும் கூரையும் கம்பெனியுடையவை. வேலை இருக்கும்வரை வீடு என்பதுதான் தோட்டத்தின் பழைய நியதி. 20 ஆண்டுக்கு மேல் உழைக்கும் தகட்டை, அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாத கூரையில் யார் போடுவார்?

தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களில் பல இன்று மலிவு விலை அடுக்குமாடிகளில் இருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் அந்தக் கட்டடங்களின் கூரைதான் தாமானிலேயே பெரியது. கீழே யாருக்கும் தனிக் கூரை இல்லை. ஐந்து மாடிக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம், வீடு ஒவ்வொன்றும் 650 சதுர அடி. ஐந்து குடும்பம் ஒரு கூரையைப் பங்கு போட்டால் ஆளுக்கு 130 சதுர அடி. தண்ணீர்த் தொட்டி, நடைபாதை என்று பாதியைக் கழித்தால் 65 சதுர அடி, அதாவது 6 சதுர மீட்டர். ஏறக்குறைய ஒரு கிலோவாட் தகடு வைக்கலாம். குடும்பத்துக்கு மாதம் 100 யூனிட். நூறு குடும்பம் உள்ள கட்டடம் என்றால் மாதம் 10,000 யூனிட். வீணாகக் காயும் வெயில் இது.

யாருக்கு லாபம்?

இந்த 100 யூனிட்டுக்கு என்ன மதிப்பு என்று பார்த்தால்தான் சிக்கல் புரியும். 2025 ஜூலையில் மாறிய கட்டண முறையில், மாதம் 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்குச் சலுகை போக ஒரு யூனிட் ஏறக்குறைய 20 சென்தான் வரும். அந்த வீட்டுக்கு 100 யூனிட் மிச்சம் என்றால் மாதம் 20 வெள்ளி. மூன்று ஏர்கோன் ஓடும் மாடிவீட்டுக்கு அதே 100 யூனிட் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெறும். சோலார் இயல்பாகவே பெரிய வீட்டுக்கும் சொந்தக் கூரைக்கும் சாதகமாக நடக்கிறது. வரைபடம் எல்லாக் கூரைக்கும் ஒரே நிறம் தீட்டினாலும் பணம் ஒரே மாதிரி வராது.

விதிகளும் மாறியிருக்கின்றன. வீட்டுக் கூரை மின்சாரத்தைத் தெனாகாவுக்கு அனுப்பிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் நெம் திட்டம் 2025 ஜூன் 30உடன் முடிந்தது. 2026 ஜனவரி 1 முதல் அதன் இடத்தில் சோலார் ஆதாப். ஆதாப் என்றால் மலாயில் கூரை. நம் பாட்டன்மார் வாயில் அத்தாப்பு ஆன அதே சொல்தான். இந்தப் புதிய முறையில் மாதக் கடைசியில் மிஞ்சும் கணக்கு அடுத்த மாதத்துக்குப் போகாது. ஆகவே "பெரிதாகப் போடுங்கள், எல்லாம் திரும்பி வரும்" என்று சொல்லும் விற்பனையாளரிடம் கொஞ்சம் நிதானமாக இருங்கள். பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதைப் பார்த்து அளவை முடிவு செய்ய வேண்டும். தகடு பொருத்துபவர் சீடாவில் பதிவு பெற்றவரா என்று முதலில் கேளுங்கள்.

அடுக்குமாடிக்காரர்களுக்கு வழி இல்லையா? இருக்கிறது. வேறு நாடுகள் அதற்கான விதியை எழுதியிருக்கின்றன. டெல்லியில் 2019 முதல் ஒரு பொதுத் தகட்டின் மின்சாரத்தைப் பல வீட்டு மீட்டர்களில் பங்கு போட்டுக் கழிக்க வழியுண்டு. ஜெர்மனி 2017இல் வாடகைக் குடியிருப்பாளர்களுக்கும் கூரை மின்சாரம் கிடைக்கும்படி சட்டம் செய்தது. தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையத்துக்கு அருகில் உள்ள ஓடந்துறை ஊராட்சி 2006இல் தானே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கி, மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்கிறது. நம் அரசாங்கமும் வீட்டுக் கூரைகளை வாடகைக்கு எடுத்துத் திரட்டி, அந்த மின்சாரத்தை அருகிலுள்ள பயனீட்டாளர்களுக்கு விற்கும் கிரீம் என்ற ஏற்பாட்டை அறிவித்திருக்கிறது. அடுக்குமாடியின் பொதுக் கூரை அதில் எப்படிச் சேரும் என்பதைக் குடியிருப்பாளர்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

புதிய விதி எதற்கும் காத்திருக்காமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஒவ்வொரு அடுக்குமாடியிலும் ஒரு பொது மீட்டர் இருக்கிறது. படிக்கட்டு விளக்கு, உயரமான கட்டடம் என்றால் லிஃப்ட், எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீரை மேல் தொட்டிக்கு ஏற்றும் பம்பு. பம்பைப் பகலில் ஓட்டலாம். வெயிலும் பகலில்தான். கூரை நிர்வாகக் குழுவுடைய பொதுச் சொத்து, மீட்டரும் அதனுடையது. ஆகவே கூரையின் முதல் வாடிக்கையாளர் அந்தப் பம்பாகவே இருக்கலாம். பொதுச் செலவு குறைந்தால் பராமரிப்புப் பணத்தில் பழுதான கைப்பிடியையும் ஒழுகும் குழாயையும் சரிசெய்ய மிச்சம் வரும். மாதம் 20 வெள்ளி மிச்சத்துக்குத் தனியாகத் தகடு போட எந்தக் குடும்பத்தாலும் முடியாது. நூறு குடும்பம் சேர்ந்தால் கணக்கு மாறுகிறது. பத்து வெள்ளியும் இருபது வெள்ளியுமாகக் கட்டித் தோட்டம் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்க வேண்டியதில்லை.

வேலைக்காகக் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. குளோபல் சோலார் அட்லஸில் ஈப்போவைத் தேடி, உங்கள் அம்மா அப்பா இருக்கும் கட்டடத்தின் மேல் புள்ளியை வையுங்கள். வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். துணைக்கோள் படத்தில் கூரையின் நீள அகலத்தை அளந்து, பாதியை எடுத்து, ஒவ்வொரு 6 சதுர மீட்டருக்கும் ஒரு கிலோவாட் என்று வகுத்துப் பாருங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் மாடி ஏறி, நிழல் எங்கே விழுகிறது என்று இரண்டு படம் எடுங்கள். பொது மீட்டரின் கடைசி 12 மாத பில்லை நிர்வாகக் குழுவிடம் கேளுங்கள். இவ்வளவும் ஒரே தாளில் அடங்கும். அந்தத் தாளை அப்பாவிடம் கொடுத்து, ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, "நம் கூரையை என்ன செய்யப் போகிறோம்?" என்று கேட்கச் சொல்லுங்கள்.